ஒற்றை ஷூக்காரி காசில்தா

காலை எட்டு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது காசில்தா பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, துடைப்பக் கட்டையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, தடுப்புப் பலகைகளுக்கு இடையில் தரையை ஒட்டிய இடுக்கு வழியாகத் தெருவைப் பார்க்கிறாள். அந்த இடுக்கில் கால்கள் மட்டும்தான் தெரியும். மேல் இடுக்கில் பார்க்க ஆட்கள் முண்டியடிப்பார்கள். கீழ் இடுக்குக்கு இருபத்தாறு வருடமாகப் போட்டியே இல்லை.

ஆற்றங்கரைப் பட்டியிலிருந்து வாணம் கிளம்பி வெடிக்கும். பட்டிக் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். மாடுகளுக்கு முன்னால் ஓடத் தெருவில் நிற்கும் வெள்ளைக் கால்சட்டைகள் எல்லாம் ஒரு தடவை குதித்துப் பார்க்கும். பிறகு ஆறு காளைகளும் வழிகாட்டும் நாலு மணிமாடுகளும் சந்தைத் தெரு வழியாக ஏறி, அரங்குக்குள் போய்ச் சேர இரண்டரை நிமிடம் ஆகும். பெனியாசோலா ஊரே அந்த இரண்டரை நிமிடத்துக்காக மற்ற நாளெல்லாம் வாழ்கிறது என்று மேயர் வருடா வருடம் மேடையில் சொல்வார். காசில்தாவுக்கு அதைப்பற்றி வேறு கருத்து உண்டு.

“மாட்ட என்னத்தப் பாக்குறது? வருசா வருசம் அதே கொம்பு, அதே வாலு. காலப் பாரு. ஒவ்வொண்ணும் ஒரு தினுசு.”

அவள் நகராட்சித் துப்புரவுப் பிரிவில் வேலை செய்கிறாள். வயது ஐம்பத்தேழு. குட்டையான உருவம், கறுப்புச் சாயம் பாதி இறங்கிய தலைமுடி, முதுகில் பளபளக்கும் பட்டை ஒட்டிய பச்சைச் சட்டை. வாயில் எப்போதும் ஒரு சோம்பு மிட்டாய் ஒதுங்கியிருக்கும். பேசவேண்டி வந்தால் அதை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு மாற்றுவாள். மாற்றவில்லை என்றால் அவள் பதில் சொல்லப் போவதில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது வாணம் வெடித்தால் மாடுகள் உள்ளே அடைபட்டுவிட்டன என்று பொருள். பலகையைக் கழற்றுவார்கள். மற்றவர்கள் அரங்கைப் பார்த்து ஓட, காசில்தா எதிர்ப்பக்கம் நடப்பாள். அவளுக்குப் பின்னால் செசாரியோ தெரு கழுவும் வண்டியை ஆமை வேகத்தில் ஓட்டிக்கொண்டு வருவான். அவள் பொறுக்கி முடித்த இடத்தில்தான் அவன் தண்ணீர் அடிக்கலாம். ஒருநாள் அவசரப்பட்டு அடித்து, ஒரு ஜெர்மன்காரனின் பாஸ்போர்ட்டைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டான். அதற்குப் பிறகு அவள் கையைத் தூக்கினால்தான் அவன் கால் பிரேக்கிலிருந்து எழும்.

தெருவில் கிடப்பவை: சுருட்டிய செய்தித்தாள்கள், சிவப்புக் கழுத்துத் துணிகள், கண்ணாடிகள், உடைந்தும் உடையாமலும் போன்கள். எல்லாவற்றையும்விட அதிகம் ஷூக்கள். ஜோடியாக ஒருநாளும் கிடைத்ததில்லை. பின்னால் வருகிறவன் குதிகாலை மிதிப்பான், ஷூ நிற்கும், ஆள் நிற்க மாட்டான். திரும்பி வந்து எடுக்கலாம் என்று நினைக்கிறவனுக்கு நினைத்து முடிக்க நேரம் இருக்காது.

ஷூவை எடுத்ததும் காசில்தா முதலில் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்ப்பாள். “இது புதுசு. கடையிலேர்ந்து நேரா வந்திருக்கு. ஆஸ்திரேலியாக்காரன்.” அடுத்தது. “இவன் நம்ம ஊரு. ஒரு பக்கமா தேஞ்சிருக்கு. நகராட்சிக் கிளார்க்கு பையன். வளச்சு வளச்சு நடப்பான்.” செசாரியோ வண்டியிலிருந்து கேட்டுக்கொள்வான். அவள் சொன்னது தப்பானால் ஒரு காபி என்று அவர்களுக்குள் பேச்சு. பதினோரு வருடத்தில் செசாரியோ குடித்தது மூன்று காபி.

பொறுக்கியதற்கெல்லாம் அட்டை கட்டி எண் போட்டு, பத்து மணிக்கு நகராட்சி மன்றத்தின் வளைவுக்குக் கீழே ஒரு மேசையில் பரப்பி வைப்பாள். பன்னிரண்டு வரைக்கும் வந்து வாங்கிக்கொள்ளலாம். ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சில பேர் தோழியையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். காசில்தா யாரிடமும் பெயரைக் கேட்க மாட்டாள். “எங்க விட்ட? எப்படி விட்ட?” இரண்டே கேள்வி. பதில் சரியாக இருந்தால் கையெழுத்து போட்டு எடுத்துக்கொள்ளலாம். வேறொருவனுடைய நல்ல ஷூவைத் தட்டிக்கொண்டு போக வருகிறவர்களும் உண்டு. அவர்கள் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடுவார்கள்.

மொழி தெரியாதவர்கள் நடித்துக் காட்டவேண்டும். ஒரு அயர்லாந்துக்காரன் விரல்களைக் கொம்பாக வைத்துக்கொண்டு தன்னைத்தானே துரத்தி, தானே விழுந்து, தானே உருண்டும் காட்டினான். அவள் பொறுமையாகக் கடைசிவரை பார்த்துவிட்டு, ஷூவையும் ஒரு குவளைத் தண்ணீரையும் கொடுத்தாள்.

நாலு வருடம் முன்பு ஒரு பல் செட் கிடைத்தது. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, ‘மேல் பல், முழுசு’ என்று எழுதி மேசையில் வைத்தாள். பதினொன்றரைக்கு ஒரு பெரியவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு வந்தார். “எங்க விட்டீங்க?” அவர் என்னவோ சொன்னார். ஒன்றும் புரியவில்லை. “போட்டுக்கிட்டுச் சொல்லுங்க.” போட்டுக்கொண்டார். “நான் ஓடலம்மா. மூணாவது மாடியிலேர்ந்து கத்தினேன்.”

காசில்தா மிட்டாயைக் கன்னம் மாற்றவில்லை. கையெழுத்துக்கு நோட்டை மட்டும் நகர்த்தினாள்.

போன வருடத் திருவிழாவின் மூன்றாம் நாள், புகையிலைக் கடைக்கும் இரும்புச் சாமான் கடைக்கும் நடுவில், சுவரோரமாக ஒரு ஷூ கிடந்தது. நீலக் கித்தான், வலது கால், நாற்பத்திரண்டாம் அளவு. வழக்கம்போலத் திருப்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். உள்ளங்காலுக்குப் பழைய கம்பளித் தொப்பியை வெட்டி ஒரு துண்டு ஒட்டியிருந்தது. சுண்டுவிரல் பக்கம் கால் ஆணிக்காக ஒரு வட்டம் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. அந்த வட்டத்தை வெட்டியது அவள்தான். மார்ச் மாதம், சமையலறை மேசையில், மீன் வெட்டும் கத்தரிக்கோலால்.

எவேலியோவின் ஷூ. அவள் புருஷன்.

செசாரியோ வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தான். “யாரோடது? ஆஸ்திரேலியாவா?”

“பதினாலு,” என்றாள் காசில்தா. அட்டையில் பதினாலு என்று எழுதிக் கட்டினாள். பெட்டியில் போட்டாள். கையைத் தூக்கினாள். செசாரியோவுக்கும் அந்த ஷூ தெரியும். எவேலியோவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் சீட்டாடுகிறவன், மேசைக்குக் கீழே எத்தனையோ தடவை அதைப் பார்த்தவன். அவன் தண்ணீரைத் திறந்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

எவேலியோ நாற்பத்தோரு வருடம் அந்தத் தெருவில் ஓடியவன். மிளகாய் வறுத்து டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் மெஷின் மெக்கானிக். ஷூ கிடைத்ததற்கு முந்தின வருடம் பிப்ரவரியில், மெஷினுக்குக் கீழே படுத்துத் திருகு முடுக்கிக்கொண்டிருந்தவன் எழுந்திருக்கவில்லை. இதய ரத்தக்குழாயில் அடைப்பு. ஒரு சின்ன வலைக்குழாயை வைத்துத் திறந்துவிட்டார்கள். உப்பு கூடாது, பாரம் கூடாது, ஓட்டம் கூடாது என்று டாக்டர் சொன்னார். கட்டிலில் படுத்துக்கொண்டே எவேலியோ, இனி ஓட்டத்தைப் பால்கனியிலிருந்து பார்ப்பேன் என்று சத்தியம் செய்தான். காசில்தா அதை இரண்டு தடவை சொல்லவைத்தாள். அந்த ஆகஸ்டுத் திருவிழாவில் சொன்னபடியே பால்கனியில் நின்றான். தொழிற்சாலையிலும் அவனை லேபிள் ஒட்டும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

பதினாலாம் எண் மேசைக்குப் போன அன்று, இரண்டு மணிக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது எவேலியோ வீட்டுச் செருப்போடு மேசையில் உட்கார்ந்திருந்தான். தவிட்டு நிறக் கட்டம் போட்ட, பஞ்சு வைத்த செருப்பு. அவள் உப்பில்லாத பருப்பை அவன் தட்டில் ஊற்றினாள்.

“இன்னிக்கு ஓட்டம் பாத்தியா?”

“பாத்தேனே. பால்கனியில நின்னு பாத்தேன்.”

“நல்லா இருந்துச்சா?”

“பிரமாதம். அந்த ரெண்டாவது கறுப்பு இருக்கே, இடது கொம்பு நுனி லேசா சிதறியிருக்கு. அதான் தலைய ஒரு பக்கமா சாய்ச்சே வருது. பாவம்.”

அவர்கள் வீட்டுப் பால்கனி சந்தின் உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கிருந்து எட்டிப் பார்த்தால், மாடு தெருவைத் தாண்டும்போது வால் மட்டும் ஒரு கணம் தெரியும்.

“பாவம்தான்,” என்றாள் காசில்தா. இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

எவேலியோவுக்கு வேறு ஷூ என்று கல்யாணத்துக்கும் சாவுக்குமாக ஒரே ஒரு கறுப்பு ஜோடிதான் உண்டு. அன்று மாலை, அடிப்பாகம் பிரிந்திருக்கிறது, தைக்கக் கொடுக்கிறேன் என்று அதைப் பையில் போட்டுக்கொண்டு அவள் வெளியே போனாள். திருவிழா வாரத்தில் அந்த ஊரில் எந்தக் கடைக்காரனும் ஊசியைத் தொட மாட்டான். ஜோடி, தெரு கழுவும் வண்டியில் செசாரியோவின் இருக்கைக்கு அடியில் இருந்தது.

ஆகவே நாலாம் நாள் எவேலியோ ரொட்டி வாங்க வீட்டுச் செருப்போடு போனான். மதியம் ஊர்ப் புனிதர் சான் ரோக்கேயின் ஊர்வலம். முன்பெல்லாம் சாமியைத் தோளில் சுமப்பவன். இப்போது பாரம் கூடாது என்பதால் கொடியின் குஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். கோட்டு, டை, மார்பில் சிவப்பு ரிப்பன், காலில் கட்டம் போட்ட பஞ்சுச் செருப்பு. பாதிரியார் ஒரு தடவை பார்த்தார். இரண்டாவது தடவை பார்க்காமல் இருக்கப் பிரயாசைப்பட்டார்.

“என்ன எவேலியோ, கால் வீங்கியிருக்கா?” என்று யாரோ கேட்டார்கள்.

“டாக்டர் சொன்னாரு,” என்றான்.

மேசையில் பதினாலாம் எண் இருப்பது ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்று. ஷூ எதையும் தொலைக்காதவர்களும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அவன் வாய் திறப்பதுபோல இருக்கும்போதெல்லாம் அவள் சட்டியைத் தேய்க்க ஆரம்பித்துவிடுவாள். ஐந்தாம் நாள் அந்த வீட்டில் எல்லாச் சட்டியும் பளபளவென்று இருந்தது.

திருவிழாவின் கடைசி நாளான ஆறாம் நாள் பன்னிரண்டு மணியோடு மேசையை எடுத்துவிடுவார்கள். மிஞ்சியவை மூட்டையாகக் குப்பைக் கிடங்குக்குப் போகும். பதினொன்றே முக்காலுக்கு வரிசையில் எட்டுப் பேர் நின்றார்கள். எட்டாவது ஆள் எவேலியோ. முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக ஷூ வாங்கிக்கொண்டு, போகாமல் பக்கத்தில் நின்றுகொண்டார்கள்.

“எண்?” என்றாள் காசில்தா, நோட்டைப் பார்த்தபடி.

“பதினாலு.”

“வலதா, இடதா?”

“உனக்குத் தெரியாதா காசில்தா?”

“எல்லாரையும் கேக்குறதுதான் உன்னையும் கேக்குறேன். வலதா, இடதா?”

“வலது.”

“எங்க விட்ட?”

“புகையிலக் கடைக்கும் இரும்புக் கடைக்கும் நடுவுல.”

பின்னாலிருந்து, “கேக்கல எவேலியோ, சத்தமா சொல்லு!” என்று ஒரு குரல். ஒரு சிரிப்பு எழுந்து, காசில்தா நிமிர்ந்து பார்த்ததும் அடங்கிவிட்டது.

“எப்படி விட்ட?”

“ஓடினேன்.”

“எவ்வளவு தூரம்?”

“நாப்பது மீட்டர். அம்பது இருக்காது. நீ உக்காந்திருக்கிற மூலைக்கு வர்றதுக்கு முன்னாடியே ஒதுங்கிட்டேன்.”

“ஏன்?”

அந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்டதில்லை. ஓரத்தில் வண்டியில் உட்கார்ந்திருந்த செசாரியோ இஞ்சினை அணைத்தான்.

எவேலியோ வீட்டுச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். “முந்தின வருசம் பால்கனியில நின்னேன்ல. வாணம் வெடிச்சுது. என் காலு ரெண்டும் தன்னால ஆடுது. பக்கத்து வீட்டுப் பாஸ்குவாலா நாற்காலி கொண்டாந்து போட்டு, உக்காரு, உக்காருங்குறா. தெருவுல எல்லாரும் ஓடிப் போறாங்க, நான் நாற்காலியில உக்காந்திருக்கேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து நான் வீடு வந்து சேரவே இல்லன்னு தோணிச்சு காசில்தா. வேற எவனையோ அனுப்பி வச்சிட்டாங்கன்னு.”

காசில்தா மிட்டாயை மென்று விழுங்கினாள். அவள் மிட்டாயை மெல்லுவதை அங்கே யாரும் பார்த்ததில்லை.

“வீடு வந்து சேரலன்னா என்ன தருவாங்கன்னு உனக்குத் தெரியுமா? ஒரு பை தருவாங்க. உள்ள இருக்குறது தெரியிற பை. உன் பெல்ட்டு, வாட்சு, ரெண்டு ஷூ. கையெழுத்து வாங்கிக்கிட்டு நர்ஸ் குடுத்துட்டுப் போயிட்டா. உயிரோட இருக்கியா இல்லையான்னு கேக்குறதுக்குள்ள கதவு மூடிக்கிச்சு. ஏழு மணி நேரம் மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். இடது ஷூ அடியில ஒரு மிளகாத் தோல் ஒட்டியிருந்துச்சு. எந்தப் பக்கம் திருப்பி வச்சாலும் அதான் தெரிஞ்சுது. அன்னிக்கு ரெண்டு ஷூவும் இருந்துச்சு, எவேலியோ. ஆளுதான் இல்ல.”

ஒன்றரை வருடத்தில் அந்தப் பையைப் பற்றி அவள் அவனிடம் சொன்னதே இல்லை.

“நீ எனக்குச் சொல்லவே இல்லயே,” என்றான் எவேலியோ.

“நீயும்தான் நாற்காலியப் பத்திச் சொல்லல.”

அவள் நோட்டைத் திருப்பி அவன் பக்கம் நகர்த்தினாள். “கையெழுத்து போடு.” போட்டான். நாற்பத்தோரு வருடம் காளைக்கு முன்னால் ஓடியவனின் கையெழுத்து கோட்டைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குள் போயிருந்தது. ஷூவை வாங்கி அங்கேயே போட்டுக்கொண்டான். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் பஞ்சுச் செருப்பு.

“இன்னொண்ணு?”

“வீட்டுல. அலமாரிக்குப் பின்னாடி.”

“தெரியும். முந்தாநாளு பெருக்கும்போது பாத்தேன்,” என்றாள். மேசையை மடக்கினாள். அவன் ஒரு முனையைப் பிடித்தான். பாரம் கூடாது என்று அவள் சொல்ல வாய் எடுத்தாள்; சொல்லவில்லை. மடக்கு மேசை, அவ்வளவு கனமில்லை. கறுப்பு ஜோடி அன்று இரவே வீட்டுக்கு வந்துவிட்டது. அடிப்பாகம் ஒன்றும் தைக்கப்படவில்லை.

இந்த வருடம் ஜூலையில் காசில்தா நகராட்சி அலுவலகத்துக்குப் போய், பெட்டி தூக்க ஓர் ஆள் வேண்டும் என்றாள். காலியிடம் இல்லை என்றார்கள். சம்பளம் கேட்கவில்லை, ஒரு பச்சைச் சட்டை கொடுத்தால் போதும் என்றாள். கொடுத்தார்கள். சட்டையை எவேலியோவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் இரண்டு நாள் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் போட்டுப் பார்த்து, கையை மேலே தூக்கி, அக்குளில் பிடிக்கிறது என்றான். பிரித்துத் தைத்தாள்.

அவனுக்கு அந்த வேலை சரியாக வரவில்லை. கிடைத்த ஷூக்களை ஜோடி சேர்க்கப் பார்க்கிறான். எண்களை மாற்றிக் கட்டுகிறான். ஷூவைவிட, ஓடுகிறவர்களைப் பற்றித்தான் அவனுக்குப் பேச்சு. “அந்தப் பயலப் பாரு, முழங்கைய விரிச்சுக்கிட்டு. இப்படி ஓடினா மாட்டுக்கு வழி எங்க இருக்கும்?” காசில்தா, “பெட்டிய இப்படி வை,” என்பாள்.

இந்த வருடத் திருவிழாவின் முதல் நாள் காலை இரண்டு பேரும் பலகைக்குப் பின்னால், கவிழ்த்த இரண்டு பெட்டிகளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வாணம் வெடித்தது. எவேலியோவின் குதிகால்கள் தரையில் தாளம் போட ஆரம்பித்தன. காசில்தா அவன் இடது கையை இழுத்துத் தன் முழங்காலில் வைத்து, மணிக்கட்டின் உள்பக்கம், நாடியில் இரண்டு விரலை அழுத்தினாள்.

“என்ன?”

“பேசாத. எண்ணிக்கிட்டிருக்கேன்.”

மணிச் சத்தம் ஏறி வந்தது. குளம்புகள் பலகைக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில் தடதடத்துக் கடந்தன. பலகை அதிர்ந்தது, தூசி இடுக்கு வழியாக உள்ளே வந்து இரண்டு பேர் மேலும் விழுந்தது. யாரோ கத்தினார்கள், யாரோ சிரித்தார்கள், சத்தம் மேட்டில் ஏறிப் போய்த் தேய்ந்தது. கொஞ்ச நேரத்தில் அரங்கின் பக்கம் இரண்டாவது வாணம் வெடித்தது.

“எவ்வளவு?” என்றான் எவேலியோ.

“பேசாதன்னு சொன்னேன்ல. விட்டுப் போச்சு.”

பலகையைக் கழற்றிவிட்டார்கள். செசாரியோ ஹாரன் அடித்தான். தெருவில் ஏழெட்டு ஷூக்கள் கிடந்தன. காசில்தா விரலை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டு, மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.